பக்கத்துத் தெருவில் வேண்டாம்

தேர்தல் நாள். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு புறநகர். தொடக்கப்பள்ளி வகுப்பறை ஒன்றுதான் வாக்குச்சாவடி. வரிசையில் நின்று கால் கடுத்துப்போன முதியவர் ஒருவரிடம், "ஐயா, இப்படி உக்காருங்க" என்று பெண் காவலர் ஒருவர் சுவரோரத்து பெஞ்சைக் காட்டினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பெஞ்சு. உட்கார்ந்தால் முழங்கால் மார்புக்கு வருகிறது. உட்கார்ந்ததும் சாக்பீஸ் தூள் மணம் மூக்கில் ஏறியது.

பக்கத்தில் நின்ற இளைஞர் நண்பரிடம் அலுத்துக்கொண்டிருந்தார்: "முன்னாடியே வாங்கி வெச்சிருக்கணும் மச்சான். ரெண்டு நாளா கடையே இல்ல."

வாக்குப்பதிவு முடிகிற நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மதுக்கடைகள் மூடியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு காலத்தில் அந்தச் சட்டத்தைத் தேர்தல் அலுவலர்களைவிடத் துல்லியமாக அறிந்து வைத்திருந்தவர் அந்த முதியவர். இந்தத் தடவை கடை மூடியிருக்கிறது என்பதே அந்தப் பையன் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

அவர் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்ற கூட்டமைப்புக்குப் பன்னிரண்டு மரபுகள் உண்டு. பத்திரிகை, வானொலி, திரைப்படம் எதிலும் உறுப்பினர்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது பதினோராவது. எந்தப் புறநகர் என்று சொல்லாமல் விட்டதும் அதனால்தான். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் எத்தனை ஸ்டேஷன் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சகத்தில் புரூஃப் ரீடர். மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் வரை தினமும் போய் வருவார். ஒயின் ஷாப்புகள் தனியார் கையில் இருந்த காலம். சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது 2003 நவம்பரில்தான். அந்த ரயில் பாதை நெடுக எந்த ஸ்டேஷனில் இறங்கினால் எத்தனை அடியில் கடை, எந்தக் கடையில் ஷட்டர் இறங்கிய பிறகும் பக்கத்துச் சந்துக் கதவைத் தட்டலாம், யார் நோட்டில் எழுதிக்கொண்டு கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாரிடமும் வழி கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. குடியை விடுவதற்கென்று ஓர் இடம் இருக்கிறது என்ற பேச்சு வந்தபோதுதான் ஊரே தெரியாதவர்போல ஆனார்.

அதுவரை வீட்டுக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டு. ஒன்று, சாமிக் கயிறு. கோயிலில் சத்தியம் வாங்கிக் கையில் கட்டிவிடுவார்கள். இன்னொன்று, கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை. மாலை கழுத்தில் இருக்கிற நாள் முழுக்க அவர் குருசாமியே வியக்கும்படி இருப்பார். பச்சைத்தண்ணீர்க் குளியல், ஒருவேளைச் சோறு, இரவில் பஜனை. மலையிலிருந்து இறங்கி வந்து அம்மா கையால் மாலையைக் கழற்றினால், அன்று சாயங்காலமே கால் தானாகச் சந்துப் பக்கம் திரும்பும். ஒரு மண்டலம் குடிக்காமல் இருக்க முடிந்தவன் ஏன் அடுத்த நாள் இருக்கக் கூடாது என்பது அந்த வீட்டில் யாருக்கும் விளங்காத புதிர். அவருக்குமே விளங்கவில்லை.

அவருடைய அம்மாவுக்குச் சேலம் பக்கம். ராஜாஜி 1937 அக்டோபரில் முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்த மாவட்டம். கள்ளுக்கடை மூடியதும் சம்பளப் பணம் முழுதாக வீடு வந்து சேர்ந்த கதைகளைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர். 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தியதிலிருந்துதான் நாடு கெட்டது என்பது அவர் கட்சி. "கடைய மூடினா எல்லாம் சரியாப்பூடும்" என்பார். மூடிய கடைக்குப் பக்கத்துச் சந்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வழியைக் கண்டுபிடித்தவர் மனைவிதான். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் டிரங்க் கால்களை இணைத்துக்கொடுக்கும் வேலை. அடுத்த நாற்காலியில் இருந்தவர் ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி. ஒருநாள் இரவுப் பணியில் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, "என்னா, ஹஸ்பண்டா?" என்றார். பிறகு, "என் பிரதர் போறான்மா ஒரு மீட்டிங்குக்கு. குடிக்கிறவங்கதான் எல்லாரும். இப்ப ஒருத்தனும் குடிக்கிறது இல்ல" என்றார். மறுநாள் ஓர் ஆங்கில நாளிதழை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்ற பொடி எழுத்துப் பத்தி. சபாவில் கீதை உபந்யாசம், ரோட்டரி சங்கத்தின் ரத்த தான முகாம், கல்லூரி ஒன்றில் கருத்தரங்கு. அவற்றுக்கு நடுவே ஒரே வரியில் ஏ.ஏ. கூட்டம்: இடம், நேரம். அதற்கு அடுத்து இன்னொரு வரி, அல்-அனான்.

அல்-அனான் என்பது குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கானது. ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், 1951-இல் முறைப்படி அமைத்தது. கணவன்மார் கூட்டத்தில் இருக்கும்போது வெளியே காரிலும் சமையலறையிலும் காத்திருந்த மனைவிமார், தங்களுக்கும் பேச நிறைய இருக்கிறதென்று உணர்ந்ததில் பிறந்த அமைப்பு அது. இவருடைய மனைவி அங்கேதான் முதலில் போனார். பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு.

மாமியார் சும்மா விடுவாரா? "ஏம்மா, உன் கோயில்ல வாராவாரம் பிரதோஷம் வருதா?" என்று கேட்டுவிட்டார். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டம் மாதா கோயில் வளாகத்தில் நடக்கிறதென்று தெரிந்ததும் அவருக்குக் குடியைவிடப் பெரிய கவலை வந்தது. "வேதத்துல சேத்துடுவாங்களாடி?"

சேர்க்கவில்லை. சர்ச்சில் அறை வாடகைக்குக் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த அறையிலிருந்து மனைவி வேறொன்றைக் கொண்டுவந்தார். அதுவரை அவர் குடித்துக் கிடக்கிற காலைகளில் அச்சகத்துக்கு ஃபோன் செய்து 'காய்ச்சல்' என்று சொல்வது மனைவியின் வேலை. ஒயின் ஷாப் நோட்டுக் கணக்கை மாதக் கடைசியில் தீர்ப்பதும், ஒளித்து வைத்த பாட்டிலைத் தேடிக் கண்டுபிடித்துச் சாக்கடையில் ஊற்றுவதும்கூட அவர்தான். எல்லாவற்றையும் நிறுத்தினார். அச்சக முதலாளி எக்சேஞ்சுக்கே ஃபோன் போட்டு விசாரித்தபோது, "அவரையே கேட்டுக்குங்க சார்" என்று இணைப்பைத் துண்டித்தார். அன்று மாலை கணவரிடம் சண்டை போடவுமில்லை, அழவுமில்லை. "நான் போயிட்டு வந்துட்டேங்க. உங்களை வரச் சொல்லல. இடம் மட்டும் தெரிஞ்சு வெச்சுக்குங்க" என்று அந்தப் பத்திரிகைத் துண்டை மேஜையில் வைத்தார்.

பல வருடத்துச் சண்டைகள் செய்யாததை அந்த அமைதி செய்தது. சில வாரங்கள் சட்டைப் பையில் கிடந்து மடிப்பில் கிழிந்துபோன அந்தத் துண்டோடு, ஒரு மாலை அவர் எழும்பூரில் இறங்கினார்.

வளாகத்து வாசலில் வாட்ச்மேன். "யாரைப் பாக்கணும் சார்?"

"ஹோமியோபதி டாக்டர் ஒருத்தர்..." என்று வாயில் வந்ததைச் சொன்னார்.

வாட்ச்மேன் பீடியை எடுக்காமலேயே, "பின்பக்கம் மாடி, ரெண்டாவது ரூம். சீக்கிரம் போங்க, டீ வந்துடுச்சு" என்றார்.

ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகள். சுவரில் வண்ணப் படங்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், ஒரு பெண். கதவருகே நின்று கைகொடுத்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். பெயரை முழுதாகக் கேட்கவில்லை. சாதி, வேலை, ஊர் எதுவும் கேட்கவில்லை. இவர் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "கடைசியா எப்பத் தம்பி?"

"நேத்து ராத்திரி."

"நாளைக்குக் காலையில முதல்ல ஆஸ்பத்திரி. டாக்டர்கிட்ட எதையும் மறைக்காதீங்க. சாயங்காலம் இங்க வாங்க."

அந்த ரயில்வேக்காரர் மருத்துவம் படித்தவர் அல்ல. ஆனால் தெரிந்துதான் சொன்னார். பல ஆண்டு அளவுக்கு மீறிக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். இல்லாதது கண்ணில் தெரியும், சித்தம் கலங்கும், உயிரே போகவும் கூடும். கூட்டத்தில் மருந்து இல்லை. அங்கே இருப்பது பேச்சும் டீயும்தான். மன உறுதி இருந்தால் போதும் என்று வீட்டிலேயே அடைத்துவைத்துக் குடியை நிறுத்தப் பார்க்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்கள் அந்த ரயில்வேக்காரரைச் சந்திக்காதவர்கள்.

கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழ் புரூஃப் பார்க்கிறவருக்குப் பாதிதான் புரிந்தது. யாரோ ஒருவர், பிராந்தி பாட்டிலை மகளின் பள்ளிக்கூடப் பையில் ஒளித்துவைத்ததையும், பிள்ளை அதைப் பள்ளிக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டதையும் சொன்னார். அறையே சிரித்தது. சொன்னவரும் சிரித்தார். இவர் திடுக்கிட்டுப்போனார். இப்படி ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லலாமா, சொன்னால் சிரிப்பார்களா? இவருடைய பாட்டில் அரிசி டிரம்மில் இருந்தது.

சுற்றும் முற்றும் பார்த்தவரின் கண், கடைசி பெஞ்சில் ஒரு முகத்தில் போய் நின்றது. தெரிந்த முகம். காலை 8.10 வண்டியில் அதே மூன்றாவது பெட்டியில் தினமும் ஏறுகிறவர். இவர் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. யார் கண்ணிலும் படக் கூடாதென்று ரயில் ஏறி இவ்வளவு தூரம் வந்தால், ஊர்க்காரரே உட்கார்ந்திருக்கிறார். அவரும் அதே காரணத்துக்காக வந்தவர்.

திரும்பும்போது எழும்பூர் பிளாட்பாரத்தில் ஆளுக்கொரு முனையில் நின்றார்கள். வண்டி வந்ததும் பழக்கதோஷத்தில் இருவரும் மூன்றாவது பெட்டியிலேயே ஏறிவிட்டார்கள். சைதாப்பேட்டை தாண்டித்தான் பேச்சு வந்தது.

"தமிழ்ல ஒண்ணு இருக்கு சார். புரசைவாக்கம் பக்கம். அதுக்கும் போவேன்."

"நம்ம ஊர்ல இல்லீங்களா?"

"நம்ம ஊர்லயா? யாராச்சும் பாத்துட்டா?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி தோசையைத் திருப்பிப் போட்டபடியே கேட்டார்: "போன தீபாவளிக்கு உங்களை ரிக்‌ஷாவுல கொண்டாந்து போட்டாங்களே, அப்ப தெருவுல யாரும் பாக்கலியா?"

அந்தக் கேள்விக்கு இன்று வரை பதில் இல்லை. ஆனால் கூச்சத்துக்கு நியாயம் தேவைப்படுவதில்லை. பல மாதங்கள் அவர்கள் இருவரும் ஊரைக் கடந்து புரசைவாக்கத்துக்கே போனார்கள். அங்கே தமிழில் பகிர்வு. கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் அங்கே வருவார். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிற இடமெல்லாம் அவர் வாயை மூடிக்கொள்வார். "எனக்கும் மேல ஒரு சக்தி இருக்குன்னு ஒத்துக்கிறேன். அது இந்தக் கூட்டம்" என்று ஒருநாள் சொன்னார். யாரும் வாதாடவில்லை. ஏ.ஏ.வில் சேரத் தகுதி ஒன்றுதான், குடியை நிறுத்தும் விருப்பம். மற்றதில் அவரவர் பாடு.

பக்கத்தில் கூட்டம் இல்லாமல் அலைந்தவர்கள் என்று பார்த்தால், அந்த இயக்கமே அப்படித்தான் உண்டானது. 1935 மே மாதம், நியூயார்க் பங்குச்சந்தை ஆள் பில் வில்சன், தொழில் விஷயமாக வந்த ஆக்ரன் நகரில் எல்லாம் தோற்று மேஃபிளவர் ஹோட்டல் முகப்பில் நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசியும், ஊர்ச் சர்ச்சுகளின் பட்டியலும். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த அவருக்கு, அந்த நிமிடம் தன்னைப்போல ஒரு குடிகாரரோடு பேசியாக வேண்டும் என்று பட்டது. ஒரு பாதிரியாருக்குப் பேசினார், அவர் தந்த எண்களுக்குப் பேசினார், ஒருவர் இன்னொருவரைச் சொல்ல, கடைசியில் டாக்டர் பாப் என்கிற அறுவை மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார். கால் மணி நேரம்தான் என்ற நிபந்தனையோடு வந்த டாக்டர், பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. இந்தியாவுக்கும் இப்படித்தான் வந்தது. 1957-இல் தில்லிக்கு வேலையாக வந்த கனடாக்காரர் ஒருவர், துணைக்கு ஆள் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க, பம்பாயிலிருந்து ஒருவர் பதில் போட்டார்.

புரூஃப் ரீடரும் 8.10 வண்டிக்காரரும் இந்தக் கதையைப் புரசைவாக்கத்தில் பலமுறை கேட்டார்கள். இரண்டு பேர் இருந்தால் போதும் என்பது உறைத்தது. கூடவே, மாத ரயில் பாஸின் விலையும் ஏறிக்கொண்டிருந்தது.

ஊரில் இடம் தேடினார்கள். கல்யாண மண்டபக்காரர், "குடிக்கிறவங்க சங்கமா? மண்டபம் பேர் என்னாவறது?" என்றார். படிப்பகத்தில், எட்டு மணிக்குக் கேரம்போர்டு ஆட ஆள் வரும் என்றார்கள். கடைசியில் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, காரணத்தைக் கேட்டுவிட்டு உடனே சாவியை நீட்டினார். வாடகை வேண்டாம் என்றார். இவர்கள் விடவில்லை. வெளியார் நன்கொடையில் குழு நடக்கக் கூடாது, உறுப்பினர்கள் பையில் போடுகிற காசில்தான் நடக்க வேண்டும் என்பது ஏழாவது மரபு. "நல்ல காரியத்துக்கு நான் காசு வாங்கறதா?" என்று அந்தம்மா. "நீங்க வாங்கலன்னா நாங்க வர முடியாதும்மா" என்று இவர்கள். ஓசிக் குவார்ட்டருக்குத் தவம் கிடந்த இரண்டு பேர் வாடகை கொடுத்தே தீருவோம் என்று நின்றது அந்தத் தெருவில் நெடுநாள் பேச்சாக இருந்தது.

அந்தம்மா போட்ட ஒரே நிபந்தனை, கரும்பலகையை அழிக்கக் கூடாது. வாய்ப்பாடும் ஆத்திசூடியும் தலைக்கு மேல் இருக்க, கீழே குட்டி பெஞ்சில் இரண்டு பேர். ஆமாம், வெகுநாள் இரண்டே பேர்தான். ஒருவர் தலைமை, ஒருவர் பார்வையாளர். அடுத்த வாரம் மாற்றி. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கூட்டம் ஒருவரோடு நடந்தது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது என்கிறது. அந்தக் கணக்கை அந்த வகுப்பறை வெகு முன்பே பார்த்துவிட்டது. புறநகரில் அத்தனை ஒயின் ஷாப், அத்தனை கூட்டம். இங்கே காலி பெஞ்சு.

மூன்றாவதாக வந்தவரை அனுப்பிவைத்தது பள்ளிக்கூடத்து ஆயாதான். அவருடைய மருமகன்.

சென்னையில் அப்போது நிலைமை மெல்ல மாறிக்கொண்டிருந்தது. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் தொடங்கிய அமைப்பின் டி.டி.கே. மருத்துவமனைக்கு ஊரூராக ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். மருத்துவமனை பிறகு மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தியது. சிகிச்சை முடிந்து போகிறவர்களிடம் உங்கள் பக்கத்தில் எங்கே கூட்டம் என்று சொல்லி அனுப்புவது வழக்கமாயிற்று. அப்படிச் சீட்டோடு வந்தவர்களால் வகுப்பறை நிறைந்தது. ஒரு வருடம் குடிக்காமல் இருந்தவருக்குப் 'பிறந்தநாள்' கேக் வெட்டுவார்கள். ஐம்பது வயது ஆள் ஒற்றை மெழுகுவத்தியை ஊதும்போது அவர் மனைவி, பிள்ளைகளோடு அந்தக் குட்டி பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தாரும் வரலாம். மூடிய கூட்டத்துக்குக் குடிப்பழக்கத்தில் சிக்கியவர்கள் மட்டும்.

எல்லோரும் தேறினார்கள் என்று எழுதினால் பொய். வந்து மறைந்தவர்கள் ஏராளம். 8.10 வண்டிக்காரரே நடுவில் ஒருமுறை வழுக்கி, மீண்டும் முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார். பேசியே குடி விடுமா என்று சிரித்த மருத்துவர்களும் உண்டு. 2020-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்து, தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில் பன்னிரண்டு படி வழி மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பலவற்றைவிட மேல் என்றது. பன்னிரண்டு படி ஒத்துவராதவர்களுக்கு ஆலோசனையும் மாத்திரையும் கைகொடுத்திருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதே 2020-இல் ஊரடங்கு வந்து பள்ளிகள் மூடின. கூட்டங்கள் கைப்பேசித் திரைக்குப் போயின. முகம் காட்டாமல், பெயருக்குப் பதில் ஒரு பூப்படத்தோடு ஒரு பெண்குரல் வந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு மொட்டைமாடியிலிருந்து பேசுவதாகச் சொன்னது. வகுப்பறைக் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்திருக்க முடியாத குரல்.

இப்போது தேடுவது சுலபம். இந்திய ஏ.ஏ.வின் தளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. 14446 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் சிகிச்சை மையங்களை விசாரிக்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416. ஆனாலும் பட்டியலை நம்பி நேரே கிளம்பிவிடக் கூடாது என்பார் புரூஃப் ரீடர். இடம் மாறியிருக்கும், நாள் மாறியிருக்கும், தமிழ்க் கூட்டமா ஆங்கிலமா என்று போட்டிருக்காது. பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிற ஆள் நேரே போகிற இடம் எதுவென்று அவருக்குத் தெரியும். அதனால் குழுவின் எண்ணுக்கு வரும் அழைப்புகளை இந்த வயதிலும் அவர்தான் எடுக்கிறார்.

வாக்களித்துவிட்டு, மையிட்ட விரலோடு வீட்டுக்கு வந்து படுத்த அன்று மதியமும் ஒன்று வந்தது. சின்ன வயதுக் குரல். எந்த ஊர் என்று கேட்டார். இதே ஊர்தான். அடுத்த தெருவில் இருக்கும் வகுப்பறையைச் சொன்னதும் மறுமுனையில் தயக்கம்.

"அது வேணாம் சார். எங்க வீடு அங்கதான். வேற எங்கயாச்சும் தூரமா இருக்குதா?"

"இருக்கு தம்பி. புதன்கிழமை புரசைவாக்கம் பக்கம் ஒண்ணு, தமிழ்லதான். எழும்பூர்ல இறங்கி பஸ் ஏறணும். ஆறு மணி வண்டியைப் பிடிச்சீங்கன்னா சரியா இருக்கும். முன்னாடி ஒரு விஷயம் சொல்லுங்க, கை நடுங்குதா?"